அன்று மழை பெய்யவில்லை

மகனே, இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். மலையாளப் பத்திரிகை என்றால் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் கடைசிப் பக்கம் வரை போய்விடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். அது நல்லதுதான். போனில் நான் பேச ஆரம்பித்தால் "சரி அம்மா, சரி அம்மா" என்று ஓட்டிவிடுகிறாய், இதை அப்படி ஓட்ட முடியாது. வாசித்து முடித்ததும் மடித்து உள்ளே வைத்துவிடாதே. உன்னோடு பள்ளுருத்திக்கு வந்த கூட்டாளிகள் எல்லோருக்கும் போனிலாவது வாசித்துக் காட்டு. மலையாளத்தில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக் காட்டு. அந்தத் துணி மழையில் நனைந்து கெட்டுப்போயிற்று என்று நீ யார் யாரிடம் சொன்னாயோ அவர்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும். அன்று மழை பெய்யவில்லை. மட்டாஞ்சேரியில் அந்த வாரம் முழுக்க வெயில் மண்டையைப் பிளந்தது. துணி காயப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

நீ புது வேலைக்காகப் புனேக்கு ரயில் ஏறிய அன்று ஸ்டேஷனில் உன்னிடம் சொல்ல வாய் வரை வந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டில் எடுத்தாயா, சார்ஜர் எடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் "ஏலே, அங்க போயும் ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தாத, ஒடம்பப் பாத்துக்க" என்றேன். நீ சிரித்தாய். சொல்ல வந்தது அது இல்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உன்னிடம் நான் பேசியதெல்லாமே சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசியதுதான்.

உனக்கே தெரியும், நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்று. ஹோம்ஸ்டேக்களில் வெளிநாட்டுக்காரர்கள் அறையைக் காலி பண்ணிப் போவது அன்றைக்குத்தான். போர்வையும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மெஷின் ஒரு பக்கம் ஓடும், கையால் கசக்க வேண்டியது ஒரு பக்கம் ஊறும், உன் அப்பா இஸ்திரிப் பெட்டியை விட்டு நகர முடியாது. அந்த நேரம் பார்த்து நீ முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாய். வாரம் முழுக்கக் களமசேரி ஆபீசில் சோப்பு டப்பாவுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் படம் போடுகிற வேலை. ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் பஸ் பிடித்து எங்கேயோ ஒரு குடியிருப்புக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து சுவரில் படம் வரைந்துவிட்டு, தலைமுடியெல்லாம் பெயிண்டோடு இருட்டின பிறகு வருவாய். காசு வருமா என்று கேட்டால் வராது என்பாய். பெயராவது எழுதுவார்களா என்றால் அதுவும் இல்லை, அங்கே எல்லோரும் சேர்ந்து வரைவதுதான் என்பாய். "சொந்த வீட்டுச் சுவரு காரை பேந்து கெடக்கு, இவன் ஊரான் செவத்துக்குப் பூ போடப் போறான்" என்று நான் அண்டை வீட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினேன். நீ அதற்கும் "அம்மா, ஒரு நாள் நீயும் வாயேன்" என்பாய். அவ்வளவுதான். வருகிறேன் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. கூப்பிடுவதை நீ நிறுத்தவும் இல்லை.

சாப்பிடும்போது போன இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாய். நான் தலையணை உறைகளை எண்ணிக்கொண்டே ம் கொட்டுவேன். பள்ளுருத்தித் துணியைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். ஒரு சந்தில் இருக்கிற எல்லோரும் அவரவர் வேலையின் கறையை ஒரே துணியில் வைக்கிறார்கள், மீன் விற்கிறவர் மீன் கையை, ஒர்க்‌ஷாப்காரர் கிரீஸ் கையை, சமையல்காரர் மஞ்சள் கையை, அதைத் தைத்துப் பந்தலாகக் கட்டப் போகிறோம், ஊரே அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடும் என்று. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வருகிறது. அப்போது என் காதில் எதுவும் ஏறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் வருகிறார், நிறையப் பேர் வருகிறார்கள் என்றாயே, அது மட்டும் ஏறியது.

அந்தத் துணியை நீ கடைக்குக் கொண்டுவந்து மேசைக்கு அடியில் வைத்தாய். ஓரம் அடித்துக் கொடுக்கப் பக்கத்துத் தையல்காரர் வந்து எடுத்துக்கொள்வார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அப்பா என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் ஞாபகமாகச் சொல்லியிருந்தாலும் நான் பையைப் பிரித்துப் பார்த்திருப்பேன். நம் கடைக்குள் வந்த துணி அழுக்காக வெளியே போகக் கூடாது, அது நம் வீட்டு வழக்கம். பிரித்தேன். அப்பப்பா, என்ன நாற்றம். மீன் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. கிரீஸ், சாயா, மஞ்சள், வாழைக்கறை, வெற்றிலைச் சாறு, யாரோ ஒரு குழந்தையின் காலில் ஒட்டிய தார். கவுன்சிலர் முன்னால் இதை விரித்துக் காட்டப் போகிறானா? துணி வெளுக்கிறவர் வீட்டுப் பிள்ளை கொண்டுவந்த துணியைப் பார் என்று நாலு பேர் சிரிப்பார்களே, அவனுக்கு அது தெரியவில்லையே என்றுதான் நினைத்தேன். உன் மேல் கோபத்தில் செய்யவில்லை மகனே. கோபத்தில் செய்திருந்தால் இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மீன் ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், கிரீசுக்கு மண்ணெண்ணெய், சாயாவுக்கு பிளீச்சிங் பவுடர், மஞ்சளுக்கு வெயில். ஹோம்ஸ்டேத் துணியை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு இதையே பிடித்துக்கொண்டேன். வாழைக்கறைதான் படுத்திவிட்டது. யாராலும் எடுக்க முடியாத கறை அது. எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்து, வெயிலில் போட்டு, மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்து அதையும் எடுத்தேன். நீலம் போட்டேன். கஞ்சி போட்டேன். நானே இஸ்திரி போட்டு மடித்து மேசை மேல் வைத்தேன். மடிக்கும்போது ஒரு மூலையில், துணி அடையாளத்துக்கு மையால் வைக்கிற நம் வீட்டுக் குறி இருந்தது, மூன்று புள்ளியும் ஒரு கோடும். பழக்கத்தில் நான்தான் எப்போதோ வைத்திருப்பேன் என்று நினைத்து அதற்கு மேல் யோசிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை. உனக்காக என் கையால் எதையோ செய்துவிட்ட பெருமை.

நீ வந்தாய். துணியைப் பார்த்தாய். பிரித்தாய், இன்னும் பிரித்தாய், கடைத் தரை முழுக்க விரித்துக்கொண்டே போனாய். எதையோ தேடுகிறாய் என்று நினைத்தேன். "ஒண்ணும் விடல ஏலே, வாழக்கற கூடப் போயிட்டு" என்றேன். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. கத்தியிருக்கலாம் நீ. பாத்திரத்தைத் தூக்கி அடித்திருக்கலாம். "சாரமில்ல அம்மா, பரவால்ல" என்றாய். "நல்லா வெளுத்திருக்கு." இந்த வீட்டில் என் வேலையை இவ்வளவு வருஷத்தில் யாரும் வாய் திறந்து பாராட்டியதில்லை, அது கிடைத்த நேரத்தைப் பார். அதற்குப் பிறகு நீ எந்த வேலையையும் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. சாப்பிடும்போது போன இடத்தைப் பற்றியும் பேசவில்லை. தலையணை உறையை எண்ணுவதற்கு இப்போது எந்த இடைஞ்சலும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் பிளேடை எடுத்துச் சட்டைக் காலரின் உள்பக்கத்தை வெட்டினாயே, அந்தச் சட்டை. நாம் துணி வெளுக்கிற ஒரு வீட்டு அம்மா தன் பையனுக்குச் சின்னதாகிவிட்டது என்று தந்தது. காலரில் அவர்கள் வீட்டுக் குறி இருந்தது. சேராங்கொட்டை மையால் வைத்த குறி எந்தச் சோப்புக்கும் போகாது, அதற்காகத்தானே அதை வைக்கிறோம், எந்தத் துணி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று தெரிவதற்கு. உன் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு, எங்கள் துணியைத் திருடிப் போட்டிருக்கிறான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். எனக்கு அது வெகு நாள் கழித்து இன்னொரு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்று நான் பார்த்தது ஓட்டை விழுந்த சட்டையைத்தான். நல்ல துணியைப் பாழாக்கிவிட்டாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன். ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு உன் துணியில் நம் வீட்டுக் குறியைக்கூட வைக்க விடமாட்டாய். நம் குறி உனக்கு வெட்கம் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். கேட்காமலே முடிவு பண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ போன பிறகு ஒரு நாள் ஒரு பெண் கடைக்கு வந்தாள். லதா என்று பெயர், பள்ளுருத்தியிலிருந்து வருகிறேன், மீன் விற்கிற அம்மிணியின் மகள் என்றாள். உன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அம்மிணி சேச்சி போய்விட்டார் மகனே. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். இதை இப்படி எழுத்தில் சொல்வதற்கு மன்னித்துக்கொள். நீ அவர் வீட்டில்தான் மத்தியானம் கப்பக்கிழங்கும் மீனும் சாப்பிடுவாய் என்று லதா சொன்னாள். அதுகூட எனக்குத் தெரியாது. நீ வெளியில் பட்டினி கிடக்கிறாய் என்று திட்டிக்கொண்டிருந்தேன், அங்கே ஒருத்தி உனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

லதா சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சேச்சி, ஆ துணி இவிடெ உண்டோ? மழ நனஞ்ஞதாணெந்நு மோன் பறஞ்ஞு. எந்நாலும் அம்மேடெ கை கொறச்செங்கிலும் காணுமாயிரிக்கும்." அந்தத் துணி இங்கே இருக்கிறதா, மழையில் நனைந்துவிட்டது என்று உங்கள் மகன் சொன்னான், ஆனாலும் அம்மாவின் கை கொஞ்சமாவது தெரியும் இல்லையா என்று கேட்கிறாள். என்ன மழை என்று வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது. நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணியைக் கொண்டுபோய்க் கட்டி, அத்தனை பேர் முன்னால் நின்று, என் கவனக்குறைவு, மழையில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். கறை எங்கே கறை எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்களாம். நீ அழுதாயாம். லதா அதை உன்னைப் பாராட்டுகிற மாதிரிச் சொன்னாள். நான் அவளிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. துணியைத் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பந்தலிலிருந்து அவிழ்த்து நீ திருப்பிக் கொண்டுவந்த துணி அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளுருத்திக்குப் போனேன். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா மூட்டைகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். துணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நீ காலையில் போய் இருட்டின பிறகு வருகிற இடம் என்பதால் ஏதோ பெரிய பயணம் என்று என் மனதில் இருந்தது. டிக்கெட் எடுத்து, மீதிச் சில்லறை வாங்கி முந்தானையில் முடிவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இவ்வளவு பக்கத்திலா என்று பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக நீ கூப்பிட்டது இங்கேதானா.

உன்னுடைய அம்மா என்றதும் அந்தச் சந்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சாயாக்கடைச் சேட்டன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த மலையாளத்தில், மழை பெய்யவில்லை, நான்தான் துவைத்தேன் என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. அழுக்கு என்று நினைத்துத் துவைத்துவிட்டேன், என் மகன் மேல் தப்பில்லை என்று மறுபடி சொன்னேன். ஒர்க்‌ஷாப்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிரீசும் போயோ? எந்து சோப்பா சேச்சி?" கிரீஸ்கூடப் போய்விட்டதா, அது என்ன சோப்பு என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லதா சிரிக்கவில்லை. பையை என் கையிலிருந்து வாங்கி, துணியை வெளியே எடுத்து, அவள் வீட்டு வாசல் கம்பியில் போட்டு, மடிப்பு மடிப்பாகத் தள்ளிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றாள். இங்கேதான் என்றாள். வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். பிறகு தன் கையை விரித்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டவில்லை. உன்னை மாதிரியே.

திரும்பி வரக் கிளம்பியபோதுதான் சாயாக்கடைச் சேட்டன் அந்த மூலையைப் பிடித்து, "இது மாத்ரம் போயில்ல அல்லே", இது மட்டும் போகவில்லை இல்லையா என்றார். இது எங்கள் வீட்டுக் குறி, நான்தான் வைத்தேன் என்றேன். இல்லை என்றார். முதல் நாள் துணியை விரித்ததும் எல்லோரும் கை வைக்கத் தயங்கினார்களாம். ஊரில் உள்ள அழுக்கை எல்லாம் நல்ல துணியில் வைப்பதா என்று கேட்டார்களாம். அப்போது நீ பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து, ஈர்க்குச்சியால் மூலையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும் வைத்தாயாம். இது என்ன மோனே என்று அம்மிணி கேட்டதற்கு நீ சொன்னதைச் சேட்டன் அப்படியே சொன்னார்: "இது என்டெ அம்மேடெ கையாணு. இனி நிங்ஙள் வெச்சோ." இது என் அம்மாவின் கை, இனி நீங்கள் வையுங்கள். அதைக் கேட்டுத்தான் அம்மிணி முதலில் வந்து மீன் கையை வைத்தாராம். அவருக்குப் பின்னால்தான் மற்ற எல்லோரும்.

கடையில் மை பாட்டில் காணவில்லை என்று ஒரு வாரம் நான் உன் அப்பாவோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

அறிவுரை சொல்வதற்குத்தான் அம்மாக்கள் கடிதம் எழுதுவார்கள். எனக்கு இரண்டே இரண்டு இருக்கிறது. ஒருவர் உன் முன்னால் எதையாவது கொண்டுவந்து வைத்தால், அது என்ன என்று கேட்காமல் கை வைக்காதே. இதை நீ என்னிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, நான்தான் இந்த வயதில் கற்றிருக்கிறேன். இன்னொன்று, யாருக்காகவும் அவமானத்தை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, எனக்காகக்கூட. கோபம் வந்தால் கத்து. சாரமில்ல என்று சொல்லாதே. நீ கத்தியிருந்தால் அன்றைக்கே நான் பள்ளுருத்திக்கு ஓடியிருப்பேன், அம்மிணி இருந்திருப்பார், திரும்ப ஒரு தடவை கையை வைத்திருப்பார். உன் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. கூப்பிட்டபோதெல்லாம் வராதவள் நான்தான்.

நீ லீவில் வந்தால் மறுபடி கை வைக்கிறோம் என்று சந்தில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்காரர் இந்தத் தடவை என் சோப்புக்குப் போகாத கிரீசாகக் கொண்டுவருவாராம். லதா தன் கையை வைக்க மாட்டேன் என்றாள். அம்மாவின் இடம் அப்படியே கிடக்கட்டும் என்றாள். துணியை அவளிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், மோன் வரும்வரை உங்களிடம் இருக்கட்டும் என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். என்னை எப்படி நம்பினாள் என்று தெரியவில்லை.

அலமாரியில் துணிகளோடு துணியாக வைக்காமல் தனியாக வைத்திருக்கிறேன். மத்தியானம் வேலை ஒழிந்த நேரத்தில் எடுத்து விரித்துப் பார்க்கிறேன். அத்தனை பேருடைய கையையும் நான் எடுத்துவிட்டேன், அவ்வளவு பெரிய வெள்ளைத் துணியில் என் கை ஒன்றுதான் நிற்கிறது. அதை மட்டும் எடுக்க எனக்குத் தெரியாது.

உன் அம்மா